பத்திரிகையிலும் கடைப் பெயரிலும் அலங்கார செரிஃப்: அடிக்கடி வரும் கேள்விகள்

கல்யாணப் பத்திரிகைக்கும் வளைகாப்பு கார்டுக்கும் புதிதாகத் திறக்கும் கடையின் லோகோவுக்கும் டிசைன் கேட்டு வருகிறவர்கள் எழுத்துரு பற்றிக் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைப் பதிலோடு இங்கே சேர்த்திருக்கிறேன். கான்வாவில் தாங்களே கார்டு செய்கிறவர்களுக்கும், டிடிபி சென்டரில் உட்கார்ந்து திருத்தம் சொல்கிறவர்களுக்கும் உதவும்.

அலங்கார செரிஃப் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஆங்கில எழுத்தின் கோடு முடியும் இடத்தில் சிறு பாதமோ கொக்கியோ இருந்தால் அது செரிஃப். ஆங்கிலச் செய்தித்தாளிலும் நாவலிலும் தினமும் பார்ப்பதுதான். அந்தப் பாதத்தை நீட்டி வளைத்தாலோ, தடித்த கோட்டை இன்னும் தடித்ததாகவும் மெல்லிய கோட்டை இன்னும் மெல்லியதாகவும் ஆக்கினாலோ அது அலங்கார செரிஃப் ஆகிவிடுகிறது. நாலு சொல்லைப் பெரிதாகக் காட்டுவதற்காக வரைந்தவை இவை. பக்கம் பக்கமாகப் படிப்பதற்கு வேறு எழுத்துகள் இருக்கின்றன.

பத்திரிகை, லோகோ வேலைகளில் திரும்பத் திரும்ப வருபவை சில குடும்பங்கள்தான். முதலாவது ரோமானியக் கல்வெட்டுக் குடும்பம். ரோம் நகரில் 113-ஆம் ஆண்டு எழுப்பிய டிராஜன் தூணின் அடியில் வெட்டியிருக்கும் எழுத்துகளைப் பார்த்து, கரோல் டுவாம்ப்ளி 1989-இல் அடோபி நிறுவனத்துக்காக ‘டிராஜன்’ எழுத்துருவை வரைந்தார். இலவசமாகக் கிடைக்கும் சின்செலும் ரோமானியக் கல்வெட்டு வழி வந்ததுதான். இரண்டாவது, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் பார்மாவில் போடோனியும் பாரிஸில் டிடோ குடும்பத்தாரும் செதுக்கிய வகை. வோக் ஃபேஷன் இதழின் தலைப்பு எழுத்து நினைவிருந்தால் அதுதான் இந்தக் குடும்பத்தின் முகம். பிளேஃபேர் டிஸ்ப்ளே என்ற இலவச எழுத்துரு, இவர்களுக்குச் சற்று முந்தைய இங்கிலாந்து எழுத்துக் கலைஞர் பாஸ்கர்வில் காலத்துச் சாயலில் வரைந்தது. ஆனாலும் கார்டில் போட்டால் இந்தக் கூட்டத்தோடுதான் சேரும்.

மூன்றாவது, 16-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு கேரமோன் எழுத்துகளிலிருந்து வந்த மெலிந்த வகை. இன்று கார்டுகளில் அதிகம் தென்படும் கார்மரன்ட் இந்த வழிதான். நாலாவது, முனைகள் மழுங்கிய கொழுத்த எழுத்துகள்: 1922-இல் வந்த கூப்பர் பிளாக், சமீபத்து ஃபிரான்சஸ். அப்புறம் எந்தக் குடும்பத்திலும் அடங்காத அல்ஜீரியன். அதைப் பற்றிக் கடைசியில்.

பத்திரிகையில் எந்தெந்த வரிக்கு இதைப் போடலாம்?

மணமக்கள் பெயருக்கு. மிஞ்சிப் போனால் மேலே ஒரு சிறு தலைப்புக்கு. அவ்வளவுதான் என் கணக்கு.

நம் பத்திரிகையில் இருக்கும் மேட்டர் கொஞ்சநஞ்சம் இல்லை. குலதெய்வம் துணை, நிகழும் மங்களகரமான ஆண்டு, மாதம், நட்சத்திரம், லக்னம், இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி பெயர்கள், அவர்கள் ஊர், பெற்றோர், திருவளர்ச்செல்வன், திருவளர்ச்செல்வி, ஆளுக்கு இரண்டு பட்டம், மண்டபம், வரவேற்பு நேரம், தங்கள் நல்வரவை விரும்பும் பெரியப்பா சித்தப்பா வரிசை. இத்தனையையும் அலங்கார எழுத்தில் அடித்தால் எதுவுமே அலங்காரமாகத் தெரியாது. கச்சேரி முழுக்கத் தவில் தனியாவர்த்தனம் நடந்தால் பாட்டு எங்கே கேட்கும்?

ஆகவே பெயர் மட்டும் பெரிதாக, அலங்காரமாக. 5 அங்குலத்துக்கு 7 அங்குல கார்டென்றால் பெயர் 28 முதல் 40 பாயின்ட் வரை தாங்கும். மற்ற வரிகள் சாதாரண, தெளிவான எழுத்துருவில் 10 பாயின்ட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். முகூர்த்த நேரத்தையும் மண்டபத்தின் பெயரையும் கண்ணாடியைத் தேடாமல் படிக்க முடிய வேண்டும். பத்திரிகையைக் கவனமாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்கள்தான். மற்றவர்கள் லொகேஷன் அனுப்பச் சொல்வார்கள்.

ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் ஆங்கிலம். எதற்கு முதலில் எழுத்துரு தேர்வு செய்வது?

தமிழுக்கு. இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

பொதுவாக நடப்பது வேறு. பின்ட்ரஸ்டில் ஓர் ஆங்கில கார்டு பிடித்துப்போகிறது, அதே எழுத்துருவில் பெயர்களை அடித்து அழகு பார்த்தாகிவிட்டது, தமிழ்ப் பக்கத்துக்குக் கம்ப்யூட்டரில் எது இருந்ததோ அது. கார்டைத் திருப்பினால் வேறொரு வீட்டுக் கல்யாணம் போல இருக்கும். ஆங்கில அலங்கார செரிஃப் நூற்றுக்கணக்கில் கிடைக்கிறது. பத்திரிகைக்குப் பொருந்துகிற நல்ல தமிழ் யூனிகோட் எழுத்துரு (கம்ப்யூட்டர், போன் எல்லாவற்றுக்கும் பொதுவான முறையில் அமைந்தது) குறைவு. குறைவாக இருப்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, ஏராளமாக இருப்பதில் அதற்கேற்ற ஜோடியைத் தேடுவதுதான் சுலபம்.

தமிழ் எழுத்தில் செரிஃப் என்ற உறுப்பே கிடையாது. எனவே பாதத்துக்குப் பாதம் பொருத்தம் பார்க்க முடியாது. பார்க்க வேண்டியது கோட்டின் தடிமன் எப்படி மாறுகிறது என்பதை. நோட்டோ செரிஃப் தமிழில் கோடு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். அதனால்தான் அதற்கு அந்தப் பெயர். பிளேஃபேர் டிஸ்ப்ளேயோடு அது நன்றாக உட்காரும். பல தடிமன்களில் கிடைப்பது கூடுதல் வசதி: கார்மரன்ட் போன்ற மெலிந்த எழுத்தோடு சேர்க்கும்போது தமிழையும் லைட் தடிமனில் வையுங்கள். ரெகுலரில் விட்டால் தமிழ்ப் பக்கம் மட்டும் கருத்துத் தெரியும். புத்தகச் சாயல் வேண்டுமானால் டிரோ தமிழ் இருக்கிறது. அதற்குள்ளேயே ஆங்கில எழுத்தும் இருப்பதால் சிறு வரிகளுக்கு இரண்டு மொழியையும் அதிலேயே முடித்துவிடலாம்.

அரிமா மதுரை வேறு ரகம். முனைகள் உருண்டு, மென்மையாக இருக்கும். அதற்கு ஃபிரான்சஸ் மாதிரி மழுங்கிய செரிஃப் சேரும். அரிமா மதுரையை வரைந்த இருவரில் ஒருவரான நடனேல் காமாதான் சின்செலையும் வரைந்தவர். ஒரே கை என்பதால் இரண்டும் ஜோடி சேரும் என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று கல், ஒன்று பஞ்சு.

இன்னொன்று, அளவு. ஒரே 12 பாயின்ட்டில் அடித்தாலும் தமிழ் எழுத்து பெரிதாகவும் அகலமாகவும் தெரியும். பாயின்ட் எண்ணைப் பார்க்காமல் கண்ணால் பார்த்துத் தமிழை ஒரு படி குறையுங்கள். வரிகளுக்கு இடையே மட்டும் தமிழுக்கு அதிக இடம் விடுங்கள். மேல் வரி ‘மு’வின் அடி வளைவும் அடுத்த வரி ‘கி’யின் விசிறியும் ஒன்றையொன்று இடிக்கக் கூடாது.

பிளேஃபேர் தேர்வு செய்து தமிழ் அடித்தால் வருகிறதே. அப்படியானால் அதில் தமிழ் உண்டா?

இல்லை. எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால் மென்பொருள் தன்னிடம் இருக்கும் வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுக் காட்டும். பெட்டியில் பெயர் பிளேஃபேர் என்றே இருக்கும். கான்வாவில் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவது சகஜம். வேறு கம்ப்யூட்டரில் திறக்கும்போதோ பிரஸ்ஸுக்குப் போகும்போதோ எழுத்து மாறிவிடும். தமிழ் வரிகளுக்குத் தமிழ் எழுத்துருவை நீங்களே குறிப்பிட்டுத் தேர்வு செய்துவிடுங்கள்.

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் ஆங்கிலம் ராஜகளையாக இருக்கிறது. தமிழுக்கும் அப்படிச் செய்யலாமா?

வேண்டாம். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் தனித்தனியாக நிற்பவை, தள்ளி வைத்தால் தாங்கும். தமிழில் ‘கொ’ என்பதே மூன்று துண்டு. இடைவெளியைக் கூட்டினால் சில மென்பொருள்களில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய்விடும். தமிழ்ப் பெயருக்குக் கம்பீரம் வேண்டுமென்றால் சுற்றிலும் வெள்ளை இடம் விடுங்கள்.

சின்செல் டெகரேட்டிவில் பெயர் அடித்தேன். ஒன்றுமே புரியவில்லை.

கேப்ஸ் லாக் போட்டு அடித்திருப்பீர்கள். அதில் பெரிய எழுத்துகள் வால், வளைவு எல்லாம் வைத்து வரைந்தவை. சின்ன எழுத்தை அடித்தால் அதே எழுத்தின் அடக்கமான, சற்றுக் குள்ளமான வடிவம் வரும். பெயரின் முதல் எழுத்தை மட்டும் பெரிதாகவும் மீதியைச் சின்னதாகவும் அடியுங்கள், சரியாகிவிடும்.

டிராஜன், சின்செல் வகையில் நிஜமான சின்ன எழுத்துகள் கிடையாது. ரோமானியர்கள் கல்லில் வெட்டியபோது இருந்தவை பெரிய எழுத்துகள்தான். ஜே, யூ, டபிள்யூ ஆகிய எழுத்துகள்கூட அன்றைக்கு இல்லை. அவற்றைப் பிற்காலத்தவர்கள் சாயல் பார்த்து வரைந்து சேர்த்தார்கள். அதனால் முழு வாக்கியத்தை இதில் அடித்தால் கார்டே சத்தம் போடுவது போல இருக்கும். பெயர், தேதி, ஊர் என்று துண்டு துண்டாக வரும் வரிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போன் நம்பரில் எண்கள் மேலும் கீழுமாக வருகின்றன. ஏன்?

பிளேஃபேர் டிஸ்ப்ளேயில் சாதாரணமாகவே பழைய பாணி எண்கள்தான் வரும். 3, 4, 5, 7, 9 கீழே இறங்கும், 6, 8 மேலே ஏறும், 0, 1, 2 குள்ளமாக நிற்கும். வாக்கியத்துக்கு நடுவே அழகு. போன் நம்பரிலும் தேதியிலும் தள்ளாட்டம். இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் போன்ற டிசைன் மென்பொருள்களில் ஓப்பன்டைப் (எழுத்துருவுக்குள்ளேயே இருக்கும் மாற்று வடிவங்கள்) அமைப்புக்குள் போய் ஒரே உயர எண்களுக்கு மாற்றலாம், அந்த எழுத்துருவிலேயே அவையும் இருக்கின்றன. உங்கள் மென்பொருளில் அந்த வசதி இல்லையென்றால் எண்களுக்கு மட்டும் வேறு எழுத்துரு போட்டுவிடுங்கள், யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

கடையின் மெனு கார்டு, விலைப்பட்டியல் செய்கிறவர்கள் ரூபாய்க் குறியையும் அடித்துப் பாருங்கள். ₹ 2010-இல்தான் வந்தது. அதற்கு முன் வரைந்து அப்படியே விட்ட அலங்கார எழுத்துருக்களில் அதற்குப் பதில் காலிக் கட்டம்தான் வரும்.

திரையில் அருமையாக இருந்தது. அச்சடித்து வந்தபோது மெல்லிய கோடுகளையே காணவில்லை. பிரஸ்ஸின் தவறா?

பெரும்பாலும் இல்லை. தேர்வு செய்த எழுத்துருவுக்கும் அச்சு முறைக்கும் ஒத்துவரவில்லை என்பதுதான் காரணம். அலங்கார செரிஃப் விஷயத்தில் முக்கால்வாசிப் புகார்கள் இங்கேதான் வருகின்றன என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிடோ, போடோனி, கார்மரன்ட் போன்றவற்றின் மெல்லிய கோடு எழுத்தின் அளவோடு சேர்ந்தே சுருங்கும். 60 பாயின்ட்டில் அழகான கோடு, 12 பாயின்ட்டில் நூலிழைக்கும் கீழே. ஈய எழுத்துக் காலத்தில் ஒவ்வொரு அளவையும் தனித்தனியாகச் செதுக்கினார்கள், சின்ன அளவுக்குக் கோடு தடித்தே இருக்கும். கணினியில் ஒரே வரைபடத்தைச் சுருக்கியும் பெருக்கியும் எல்லா அளவுக்கும் ஓட்டுகிறோம். இதைச் சமாளிக்கத்தான் 1991-இல் ஹார்பர்ஸ் பஜார் ஃபேஷன் இதழுக்காக டிடோவை மறுபடி வரைந்த ஜோனதன் ஹெஃப்லர், 6 பாயின்ட்டிலிருந்து 96 பாயின்ட் வரை ஏழு அளவுகளுக்குத் தனித்தனி வரைவு செய்தார். இலவச எழுத்துருக்களில் போடோனி மோடாவில் இந்த வசதி உண்டு. சின்ன அளவுக்கு அதற்கான வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் கோடு தானாகத் தடித்துக்கொள்ளும்.

அடுத்தது அச்சு முறை. வழவழப்பான ஆர்ட் போர்டில் ஆஃப்செட் அடித்தால் 0.25 பாயின்ட் கோடு வரை நின்றுவிடும். சொரசொரப்பான காகிதத்தில் அதே கோடு மேட்டில் ஒட்டி, பள்ளத்தில் விட்டுப்போய் புள்ளி புள்ளியாகத் தெரியும். தங்க ஃபாயில் இன்னும் கண்டிப்பானது. சூடேற்றிய உலோக பிளாக்கை வைத்து அழுத்தித்தான் ஃபாயிலை ஒட்டுகிறார்கள். கோடு 0.5 பாயின்ட்டுக்குக் கீழே போனால் சில இடத்தில் ஒட்டாது. எழுத்துக்குள் இருக்கும் இடைவெளி குறுகியிருந்தால் ஃபாயில் அதையும் சேர்த்து அடைத்துவிடும். ஆங்கில ‘ஈ’, ‘ஏ’ சின்ன எழுத்துகளின் கண் மூடிப்போவது இப்படித்தான். தமிழில் ‘ஞ’, ‘ணி’, ‘ஸ்ரீ’ இதே வம்பில் மாட்டும். ஃபாயிலுக்குப் பெயரை மட்டும் கொடுங்கள், அதுவும் ஒரு படி தடித்த எழுத்தில்.

மெரூன் பின்னணியில் வெள்ளை எழுத்து எல்லோருக்கும் பிடித்த இன்னொன்று. அந்த மெரூன், அச்சில் பயன்படும் நாலு மையில் குறைந்தது மூன்று சேர்ந்துதான் வரும். ஒரு மை மயிரிழை விலகினாலும் எழுத்தின் மெல்லிய வெள்ளைக் கோடு நிரம்பிவிடும். வெள்ளையில் விடும் எழுத்து எதுவானாலும் தடித்த வகையாக இருக்கட்டும். அதே காரணத்துக்காகச் சின்ன கருப்பு எழுத்துகளைக் கருப்பு மை 100 சதவீதம் மட்டும் வைத்து அடிக்கச் சொல்லுங்கள், நாலு மையும் கலந்த கருப்பு வேண்டாம்.

எதற்கும் நீங்கள் தேர்வு செய்த அதே காகிதத்தில், அதே முறையில் ஒரு ப்ரூஃப் கேளுங்கள். வீட்டு பிரின்டரில் எடுத்த நகல் வரிப்பிழை பார்க்க மட்டும்தான் உதவும்.

பத்திரிகையை வாட்ஸ்அப்பில்தான் அனுப்பப் போகிறோம். அப்போதும் இதெல்லாம் பார்க்க வேண்டுமா?

ஃபாயில் கவலை போய்விடும், வேறொன்று வரும். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை அமுக்கிச் சின்னதாக்கும். மெல்லிய கோடுகள் நைந்துபோகும், குறிப்பாகக் கரும்பச்சை, கருநீலப் பின்னணியில் தங்க நிற எழுத்து. 1080-க்கு 1920 பிக்சல் அளவில் செய்து, போனில் பெரிதாக்காமலே படிக்க முடிகிறதா என்று பாருங்கள். டாகுமென்ட்டாக பிடிஎஃப் அனுப்பினால் எழுத்து அப்படியே இருக்கும்.

கார்டுகளில் வாலெல்லாம் நீண்டு வளைந்து வருகிறதே, என் கம்ப்யூட்டரில் அதே எழுத்துரு போட்டும் வரவில்லை. எங்கே இருக்கிறது?

எழுத்துருவுக்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது. ஸ்வாஷ் என்று சொல்லும் வால் எழுத்துகளும் மாற்று வடிவங்களும் ஓப்பன்டைப் வசதிகளாக இருக்கும். இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் கிளிஃப்ஸ் பலகையைத் திறந்தால் எல்லாம் வரிசையாகத் தெரியும். வேர்டில் எழுத்துரு அமைப்பின் அட்வான்ஸ்டு பகுதியில் ஸ்டைலிஸ்டிக் செட் என்று இருக்கும், 1, 2, 3 என்று மாற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லா எழுத்துக்கும் வால் வைக்க வேண்டாம். பெயரின் முதல் எழுத்தில் ஒன்று, கடைசி எழுத்தில் ஒன்று போதும். நடு எழுத்தில் வால் வைத்தால் பக்கத்து எழுத்தின் மேல் படுத்துக்கொள்ளும். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது இது இன்னும் முக்கியம். நம் பெயர்கள் நீளம், அதில் ஏயும் ஹெச்சும் திரும்பத் திரும்ப வரும். ஒரே வால் ஐந்து முறை வந்தால் கோலத்தில் சிக்கிய பெயர்தான்.

மணமக்கள் பெயருக்கு நடுவில் ‘வெட்ஸ்’ போடலாமா, & போடலாமா?

ஆங்கிலப் பக்கத்தில் & என் ஓட்டு. அந்தக் குறியை மட்டும் அதே எழுத்துருவின் சாய்ந்த வடிவத்திலிருந்து எடுங்கள். பிளேஃபேர், பாஸ்கர்வில், கார்மரன்ட் எல்லாவற்றிலும் சாய்ந்த & தனி அழகு. கார்டில் வேறு எந்த அலங்காரமும் தேவைப்படாது. தமிழ்ப் பக்கத்தில் இரண்டுமே வேண்டாம். ஒரு வரி இடைவெளி விட்டால் போதும்.

இரண்டு பேரின் முதல் எழுத்தையும் பின்னி மோனோகிராம் செய்ய ஆசை. தமிழில் வருமா?

வரும், ஆனால் எல்லாப் பெயருக்கும் வராது. ஆங்கிலத்தில் இரண்டு பெரிய எழுத்துகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் பின்னினால் முடிந்தது, போடோனி வகையில் மெல்லிய கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஓடும். தமிழில் மீனாட்சிக்கு ‘மீ’, வெங்கடேசனுக்கு ‘வெ’. இந்தக் கொம்பும் விசிறியும் எழுத்தின் பகுதிதான். அதை வெட்டிவிட்டு ‘ம’, ‘வ’ என்று வைத்தால் வேறு யாருடைய பெயரோ ஆகிவிடும். உயிரெழுத்தில் தொடங்கும் பெயர்களும், ‘ச’, ‘ப’, ‘க’ என்று தனி எழுத்தில் தொடங்கும் பெயர்களும் அழகாக அமையும். மற்றவற்றைப் பின்னாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வட்டத்துக்குள் அடக்குங்கள். உறையின் மேல் முத்திரையாக அது போதும்.

புதிதாக பொட்டிக் தொடங்குகிறேன். கடைப் பெயருக்கு அலங்கார செரிஃப் சரிவருமா? இப்போது எல்லோரும் சாதா எழுத்துக்குத்தானே மாறுகிறார்கள்?

மாறினார்கள், சிலர் திரும்பியும் வந்துவிட்டார்கள். இங்கிலாந்தின் பர்பெரி 2018-இல் செரிஃப் லோகோவைக் கைவிட்டு மொட்டையான தடித்த எழுத்துக்குப் போனது. 2023-இல் மறுபடி செரிஃப்தான். ஸாரா 2019-இல் எழுத்துகளை ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி நெருக்கிய டிடோ வகைக்கு மாறியபோது, மூச்சு முட்டுகிறது என்ற ரீதியில் டிசைனர்கள் பலர் கிண்டல் செய்தார்கள். அந்த லோகோ இன்றும் இருக்கிறது.

ஆனால் அவர்களுக்கு இருக்கிற கவலை வேறு, நம் தெருவில் கடை திறக்கிறவருக்கு வேறு. உங்கள் பெயர் எங்கெல்லாம் வரப்போகிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள். வாசல் போர்டு, கட்டைப் பை, பில், ரப்பர் ஸ்டாம்ப், துணியில் தைக்கும் லேபிள், இன்ஸ்டாகிராமின் சின்ன வட்டம். டிடோ வகையின் மெல்லிய கோடு ரப்பர் ஸ்டாம்ப்பில் வராது. லேபிளில் நெய்யும்போது அறுந்தது போலத் தெரியும். வாசல் போர்டில் உள்ளே விளக்கு எரியும் 3டி எழுத்து வைக்க நினைத்தால், எழுத்துக் கோட்டுக்குள் எல்இடி உட்கார இடம் வேண்டும். மெல்லிய கோட்டில் எங்கே வைப்பார்கள்? போர்டு செய்கிறவர் தானாகவே எழுத்தைத் தடிக்க வைத்துவிடுவார், லோகோ வேறாகிவிடும். அதனால் ஒரே பெயருக்கு இரண்டு வரைவு வாங்கிவிடுங்கள்: பெரிய இடத்துக்கு மெல்லிய கோடு, சின்ன இடத்துக்கும் போர்டுக்கும் தடித்த கோடு.

தமிழ்நாட்டில் கடை என்றால் இன்னொரு விஷயமும் உண்டு. பெயர்ப் பலகையில் தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்றால் 5:3:2 என்ற விகிதம். ஆங்கில லோகோவுக்குச் செலவு செய்துவிட்டு, தமிழ்ப் பெயரை போர்டுக்காரரிடம் விட்டுவிடும் கடைகள்தான் அதிகம். பலகையில் பெரிய இடம் தமிழுக்கு என்று ஆன பிறகு, லோகோ வரையும்போதே தமிழையும் வரைந்து வாங்குவதுதானே முறை? ஆங்கில எழுத்தில் இருக்கும் ஒரு குணத்தை, ஒரு வளைவையோ கூர்மையான முடிவையோ, தமிழ்ப் பெயரின் ஓர் எழுத்தில் கொண்டுவந்தால் போதும். தமிழுக்குப் பாதம் ஒட்டவைத்து ஆங்கிலம் போல ஆக்க வேண்டாம்.

ஃபில்டர் காபி, முறுக்கு, அப்பளம் மாதிரி பாரம்பரியப் பொருள். பழங்காலத் தோற்றம் வேண்டும்.

ஆங்கிலத்துக்குக் கூப்பர் பிளாக் அல்லது ஃபிரான்சஸ். தமிழுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் லை, னை, ணை, ளை எழுத்துகள் தலைக்கு மேல் தும்பிக்கை போன்ற வளைவோடு அச்சாகின. றா, னா, ணா ஆகியவையும் வேறு வடிவில் இருந்தன. உங்கள் பெயரில் இதில் ஒன்று இருந்தால், அந்தப் பழைய வடிவத்தை வைத்தாலே பொட்டலம் பாட்டி காலத்துக்குப் போய்விடும். யூனிகோடில் அவற்றுக்குத் தனிக் குறியீடு இல்லை. எழுத்துருவில் இல்லாவிட்டால் டிசைனர் வளைகோடாக வரைந்து சேர்க்க வேண்டும். லோகோவில் மட்டும் செய்யுங்கள். பொருட்களின் பட்டியலில் பழைய எழுத்து போட்டால் இளசுகள் தடுமாறும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த எழுத்துருவைக் கடைக்குப் பயன்படுத்தலாமா?

உரிமத்தைப் படித்துவிட்டு. கூகுள் ஃபாண்ட்ஸில் இருக்கும் சின்செல், பிளேஃபேர், கார்மரன்ட், நோட்டோ எல்லாம் ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸில் வருபவை. பத்திரிகை, லோகோ, விற்பனைப் பொருள் எதிலும் போடலாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. வேறு தளங்களில் ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்று போட்டிருந்தால் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்குச் சரி, கடைக்குக் காசு கட்ட வேண்டும்.

நான் யூனிகோடில் அடித்துக் கொடுத்தேன். பிரஸ்ஸில் வேறு எழுத்துருவில் மாற்றிப் பிழையோடு வந்திருக்கிறது.

பல அச்சகங்களில் இன்னும் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய முறை எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. அவற்றில் அலங்காரத் தலைப்பு எழுத்துகள் நிறைய உண்டு, ஆபரேட்டருக்குக் கை பழகியதும் அதுதான். உங்கள் யூனிகோட் மேட்டரைப் பழைய முறைக்கு மாற்றும் மென்பொருளில் போட்டு எடுக்கும்போது ஸ்ரீ, க்ஷ, மேற்கோள் குறி, அடைப்புக்குறி ஆகியவை தடம் மாறும். யூனிகோடிலேயே ‘ஸ்ரீ’யை ‘ஸ’ வைத்தும் ‘ஶ’ வைத்தும் இரண்டு விதமாக அடிக்கலாம், சில எழுத்துருக்களில் ஒன்று மட்டும் சரியாகச் சேரும். பத்திரிகையின் உச்சியில் பெரிதாக வருவதே அதுதான் என்பதால் முதலில் அதைப் பாருங்கள்.

இரண்டு வழிகள். நீங்களே டிசைன் செய்தால் எழுத்துகளை வளைகோடாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைபடமாக, மாற்றிக் கொடுங்கள். கோரல் டிராவில் கன்ட்ரோல் க்யூ, இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஓ. அதன் பிறகு எந்தக் கம்ப்யூட்டரிலும் எழுத்து மாறாது, திருத்தவும் முடியாது. ஆகவே மாற்றாத கோப்பு ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிரஸ்ஸிலேயே அடிக்கிறார்கள் என்றால், மாற்றிய பிறகு வரும் ப்ரூஃபை வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் படியுங்கள். ஒருவர் பெயரையும் பட்டத்தையும், இன்னொருவர் தேதி, கிழமை, நேரத்தையும்.

கடைசியாக ஒன்று. அல்ஜீரியன் போடவே கூடாதா?

யார் சொன்னது? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஸ்டீபன்சன் பிளேக் என்ற அச்செழுத்து வார்ப்பகத்தில் பிறந்த எழுத்து, மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸோடு சேர்ந்து நம் ஊருக்கு வந்தது. மெஸ், லாட்ஜ், ஜெராக்ஸ் கடை, புதுமனையின் கிரானைட் பெயர்ப் பலகை என்று ஒரு தெரு விடாமல் குடியேறிவிட்டது. எழுத்தில் குறை ஒன்றும் இல்லை, பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்பதுதான் சிக்கல். உங்கள் பொட்டிக்குக்கு அது போட்டால் பக்கத்தில் பரோட்டா வாசம் வரும். ஆனால் பரோட்டாக் கடைதான் திறக்கிறீர்கள் என்றால் தாராளமாகப் போடுங்கள். சின்ன எழுத்து அதில் கிடையாது, கூடவே வரும் நிழல் கோடு சின்ன அளவில் அடைத்துக்கொள்ளும். போர்டுக்கு வைத்துக்கொண்டு, பில்லுக்கு வேறு எழுத்து பாருங்கள்.